பின்சீட்டுக்குத் தெரிந்த சாலை

போன சித்திரையில் நான் ஓய்வு பெற்றபோது, கடைசியாக வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் சின்னதாக ஒரு வழியனுப்பு வைத்தார்கள். சால்வை போட்டார்கள். கேசரியும் காராசேவும் கொடுத்தார்கள். மைக்கைக் கையில் திணித்து, "நாலு வார்த்தை பேசுங்க சார்" என்றார்கள். நாற்பத்து மூன்று வருடம் ஸ்பானர் பிடித்த கைக்கு மைக் பிடிபடவில்லை. எல்லாருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கூட வேலை பார்த்த பிரபு எழுந்து கேட்டார். "சார், ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. பின்னால ஷாக் அப்சார்பர் மாத்துன வண்டிய நாங்கள்லாம் தனியா ஓட்டிப் பாத்து அனுப்பிருவோம். நீங்க மட்டும் யாரையாவது பின்னால ஏத்திக்கிட்டுத்தான் போவீங்க. ஆள் கெடைக்கலன்னா வாட்ச்மேனையாவது கூப்பிடுவீங்க. ஏன் சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரணம் மைக்கில் சொல்லக்கூடியதாக இல்லை.

நான் ஜீயபுரம் பக்கத்து ஆள். எங்கள் வாழைத்தோட்டம் இரண்டு அண்ணன்களுக்கே போதாது. அதனால் பத்தாவது முடித்ததும், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ராஜமாணிக்கம் அண்ணன் வைத்திருந்த டூ வீலர் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டார்கள். முதல் வருடம் மண்ணெண்ணெயில் உதிரிகளைக் கழுவினேன். அடுத்த வருடம் பஞ்சர், அதற்கடுத்து பிரேக், பிறகு இன்ஜின். இதில் சொல்ல ஒன்றுமில்லை. என் வயது மெக்கானிக்குகள் எல்லாரும் அப்படித்தான் வந்தோம்.

எனக்கு முப்பத்து மூன்று வயதாக இருந்தபோது ராஜமாணிக்கம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒன்பது நாளில் போய்விட்டார். கடை நாற்பது நாள் பூட்டிக் கிடந்தது. வேலையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் வேறு இடம் தேட ஆரம்பித்திருந்தோம். நாற்பத்தோராம் நாள் காலை அவருடைய மனைவி தனலட்சுமி வந்து கடையைத் திறந்தார். கணக்கு முடித்து அனுப்பத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றோம். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க இருக்கற சாமான் எதுக்கும் எனக்குப் பேர் தெரியாது. ஒவ்வொன்னா சொல்லுங்க" என்றார்.

ஒரு மாதத்தில் பத்தாம் நம்பர் ஸ்பானரையும் பன்னிரண்டாம் நம்பரையும் பார்க்காமல், தொட்டே எடுத்துக் கொடுத்தார். என்னைவிட ஒரு வயது இளையவர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, தாழும். யாராவது வேலையை அரைகுறையாக முடித்திருந்தால் திட்டமாட்டார். உரிய ஸ்பானரை எடுத்து, பிடி நம் பக்கம் இருக்கும்படி நமக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க யாராலும் முடிந்ததில்லை. மறுபடி கழற்றுவோம்.

பின்சீட்டு விஷயத்தை ஆரம்பித்ததும் அவர்தான். ஒரு வண்டிக்குப் புது ஷாக் போட்டு, நான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சூப்பரா இருக்குங்க" என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வீட்டுக்காரரும் இப்படித்தான் எங்க வண்டிக்கு ஷாக் மாத்திட்டு சூப்பர்னு சொன்னாரு. பின்னால உட்கார்ந்து சமயபுரம் போயிட்டு வந்தேன். ரெண்டு நாள் குனிய முடியல. ஓட்டறவருக்குப் பள்ளம் வர்றது தெரியும். கால ஊனிக்குவாரு, கைய இறுக்கிக்குவாரு. பின்னால இருக்கறவளுக்கு என்ன தெரியும்? முன்னால இருக்கறவர் முதுகுதான் தெரியும்."

சொல்லிவிட்டுச் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாகத் திரும்பி வண்டியில் உட்கார்ந்துவிட்டார். "போங்க, பாலம் வரைக்கும்."

அன்றிலிருந்து எங்கள் கடையில் பின் ஷாக் மாற்றிய எந்த வண்டியும் அவர் உட்கார்ந்து பார்க்காமல் வெளியே போனதில்லை. ஓட்டுவது எப்போதும் நான். சத்திரத்திலிருந்து காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச் சாலையில் இறங்கி, திருவானைக்காவல் வரை போய்த் திரும்புவோம். பாலத்தில் தளங்கள் சேரும் இடங்களில் இரும்பு மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாக்கின் குணம் தெரிந்துவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார். "கண்ணத் தொறந்திருந்தா உடம்பு முன்னாடியே தயாராயிடுது. அப்புறம் எப்படித் தெரியும்?" என்பார். இறங்கியதும் சொல்வார்: "அமுங்கறது சரி. எழும்பி வர்றப்ப ஒரு தடவ கூடுதலா ஆடுது." அல்லது, "இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கு." கழற்றிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும்.

வேலையின் முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெளிக்கம்பெனி ஷாக் வாங்கி வந்து மாட்டச் சொல்கிறவர்கள் பலரும் அதைத் தொப்பி மாற்றுவது மாதிரி நினைக்கிறார்கள். முதலில் பழையதன் நீளத்தை அளக்கவேண்டும், மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடு வரை. புதியதும் அதே அளவு இருக்கவேண்டும். போல்டு நுழையும் ரப்பர் புஷ்ஷின் துளையும் அகலமும் பொருந்தவேண்டும். சைலன்சரிலோ செயின் கவரிலோ ஸ்பிரிங் உரசக்கூடாது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொடவேண்டும். நட்டுகளைக் கையால் மட்டும் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஆளை உட்கார வைத்துத்தான் கடைசி இறுக்கு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால், ஆள் ஏறியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நல்ல ஷாக்காக இருந்தாலும் அது நம்மோடு சண்டை போட்டுக்கொண்டேதான் வரும்.

தெரு பேசாமல் இருக்குமா? புருஷன் போய் ஒரு வருடம் ஆகவில்லை, வேலைக்காரனோடு வண்டியில் போகிறாள் என்று பேசினார்கள். ஒரு நாள் தனலட்சுமியின் அண்ணன் லால்குடியிலிருந்து வந்தார். கடை வாசலில் நின்றபடியே, "இதெல்லாம் நல்லாவா இருக்கு தனம்?" என்றார். தனலட்சுமி ஒரு வண்டியின் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என் கடைல வெளிய போற வண்டில நாளைக்கு ஒரு புள்ளத்தாச்சி உட்காருவா. அவளுக்கு முன்னாடி நான் உட்கார்ந்து பாக்கறேன். இதுல என்ன நல்லா இல்ல?"

அண்ணன் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

தனலட்சுமியின் மனதில் தப்பாக ஒன்றும் இல்லை. என் மனதில்தான் இருந்தது. மற்ற இருவரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். என் வாயில் அந்தச் சொல் வரவே இல்லை. "இங்க பாருங்க", "ஏங்க" என்றே வருடக்கணக்கில் ஓட்டினேன். அவரும் கவனித்திருப்பார். ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த கோவிந்தராஜ் எங்கள் கடைக்கு வந்தது அதற்கு நான்கைந்து வருடம் கழித்து. நூறு சிசி வண்டி, சுத்தமாக வைத்திருந்தார். இறங்கி நின்று எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"என் ஒய்ஃப் மல்லிகா குவார்ட்டர்ஸ் மாடிப்படில விழுந்து முதுகெலும்புல அடி. எட்டு மாசம் படுக்கை. இப்ப நடக்கறா. பஸ்ல போயிட்டு வரா, ஆட்டோல போறா. ஆனா வண்டிலதான் போகணும்னு அழறா. எதப் போட்டா அவ முதுகுல தட்டாதோ, அதப் போட்டுக் கொடுங்க."

தனலட்சுமி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. "டாக்டர் வண்டில போகலாம்னு சொன்னாரா?"

"மெதுவா, குதிக்காம போகலாம்னாரு."

"எழுதி வாங்கிட்டு வாங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

இரண்டு நாள் கழித்து இருவரும் ஆட்டோவில் வந்தார்கள். மல்லிகா மெலிந்த பெண். இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். நாற்காலி போட்டோம், உட்காராமல் நின்றார்.

"எதுக்கும்மா இவ்ளோ பிடிவாதம்?" என்று தனலட்சுமி கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சனிக்கெழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் போவோம்க்கா. கோயிலுக்குக்கூட உள்ள போகமாட்டோம் சில நாள். பாலத்துல போறப்ப காத்து மூஞ்சில அடிக்கும் பாருங்க, அதுக்குத்தான். எட்டு மாசம் மேல சீலிங்க பாத்துட்டே படுத்திருந்தேன். அந்தக் காத்த நெனச்சுட்டேதான் படுத்திருந்தேன்."

அவரை எடை பார்த்தோம். நாற்பத்து நான்கு கிலோ. தனலட்சுமி அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. தனலட்சுமி உட்கார்ந்து பார்ப்பது மல்லிகாவுக்குப் பொருந்தாது என்பது அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் நல்ல பெயர் உள்ள ஒரு ஜோடி வாங்கிப் போட்டோம். கனமான ஆட்களுக்கென்று செய்தது. பாலத்து மூட்டில் தடிபோல் நின்றது. இரண்டாவது ஜோடி மெத்தென்று இருந்தது. ஆனால் திருவானைக்காவல் வேகத்தடையில் முழுவதும் அமுங்கி அடியில் தட்டியது. இதுதான் ஆபத்து. மென்மையான ஸ்பிரிங் முதுகுக்கு நல்லது என்று தோன்றும். அது அமுங்க இடமில்லாமல் தட்டும் அந்த ஒரு நொடியில் மொத்த அடியும் மேலே உட்கார்ந்திருப்பவரின் எலும்புக்குப் போகும். ஒரு தட்டு போதும், மல்லிகா மறுபடி படுக்கைக்குப் போக.

மூன்றாவது ஜோடி கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அமுங்கும் தூரம் அதிகம், ஸ்பிரிங் மென்மை, அடியில் தட்ட வழியே இல்லை. நீளம் மட்டும் பன்னிரண்டு மில்லிமீட்டர் கூடுதல். பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்பக்கம் கொஞ்சம் உயரும், அவ்வளவுதானே? சக்கரம் தொங்கும்போது செயின் தொளதொளவென்று தெரிந்தது. எப்போதும் வைக்கும் அளவுக்கு இறுக்கி வைத்தேன். தரையில் இறக்கி மறுபடி பார்க்கவேண்டும் என்று கற்றுக்கொண்டவன்தான். அவசரம். தனலட்சுமியிடம் இன்றைக்கே காட்டவேண்டும் என்ற அவசரம்.

தனலட்சுமி ஏறி உட்கார்ந்தார். பாலத்தில் ஏறினோம். முதல் மூட்டு, இரண்டாவது மூட்டு, வெண்ணெயில் போவது மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிறுத்துங்க."

"ஏன்? நல்லா..."

"ரெங்கராஜ், நிறுத்துங்க. செயின் அழுவுது."

கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். அவரை இறங்காமல் உட்காரச் சொல்லி, குனிந்து செயினில் விரல் வைத்தேன். வீணைத் தந்திபோல் இருந்தது. இருவர் ஏறி ஷாக் அமுங்கியதும், நீளம் கூடிய அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் செயினை இழுத்துப் பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு மூட்டில் அறுந்திருக்கலாம். அறுந்த செயின் சக்கரத்தில் சுற்றினால் வண்டி அதே இடத்தில் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் பஸ்கள் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தன.

அவர் இறங்கி நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அந்தப் பொண்ணு உட்கார்ந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே பாலத்திலிருந்து கடைக்கு நடந்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடைக்கு வந்ததும், ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கொக்கி ஸ்பானரை எடுத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஐந்து நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முதல் ஜோடியின் உடல் நல்ல உடல். நீளமும் சரி, எழும்பி வருவதை அடக்கும் எண்ணெய் வேலையும் சரி. குறை ஸ்பிரிங்கில்தான். இரண்டாவது ஜோடியின் ஸ்பிரிங் மென்மை, உடல்தான் சரியில்லை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியில் இரண்டையும் கழற்றி, இதன் ஸ்பிரிங்கை அதன் உடலில் ஏற்றினேன். விட்டம் பொருந்த மேலே ஒரு வளையம் லேத்தில் கடையவேண்டியிருந்தது. கோவிந்தராஜ் தன் கையாலேயே கடைந்துகொண்டு வந்தார். முழுக்க அமுங்காமல் கடைசியில் தாங்கிக்கொள்ள நீளமான ரப்பர் கட்டை வைத்தேன். மல்லிகாவை மறுபடி வரவழைத்து, கோவிந்தராஜை முன்னாலும் அவரைப் பின்னாலும் உட்கார வைத்து, சக்கர அச்சிலிருந்து சீட்டு ஓரம் வரை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தேன். மொத்தம் அமுங்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கவேண்டும். ஸ்பிரிங் இறுக்கத்தை ஒரு படி கூட்டி, ஒரு படி குறைத்து, நாலாவது தடவை சரியாக வந்தது. அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே நட்டுகளை இறுக்கினேன். அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே செயினைப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன்.

"நான் கண்ண மூடி உட்கார்ந்து இதுக்குப் பிரயோஜனம் இல்ல. அவங்களே போகட்டும். நாம பின்னாலயே போவோம்" என்றார் தனலட்சுமி.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் முன்னே போனார்கள். நாங்கள் இன்னொரு வண்டியில் இருபதடி பின்னால் போனோம். கோவிந்தராஜ் சைக்கிள் வேகத்தில் ஓட்டினார். பாலத்தில் ஏறியதும் எனக்கு முன்னால் இருந்தது மல்லிகாவின் முதுகும் தலையும் மட்டும்தான். முதல் மூட்டு. சக்கரம் ஏறி இறங்கியது. தலை அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. நாலாவது மூட்டு தாண்டியதும் மல்லிகா முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் வாய் ஏதோ சொன்னது, காற்றில் கேட்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். தனலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் அவர்கள் இருவரும் படியில் இறங்கித் தண்ணீரில் கால் வைத்தார்கள். மல்லிகா பட்டையைத் தொட்டுப் பார்த்து, "வலிக்கலங்க, நெஜமாவே வலிக்கல" என்று புருஷனிடம் சொன்னது எங்கள் வரைக்கும் கேட்டது. நாங்கள் மேல்படியில் நின்றோம். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்று வரை தெரியவில்லை.

"இப்படியே போயிட்டிருந்தா நல்லாருக்கும்ல" என்றேன்.

"எப்படி?"

"இப்படித்தான். நான் முன்னால, நீங்க பின்னால. டெஸ்ட்டுன்னு இல்லாம."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆற்றைத்தான் பார்த்தார்.

"சுமதிக்குப் பதிமூணு வயசு" என்றார். சுமதி அவருடைய ஒரே மகள். "அவங்கப்பா சட்டைய இன்னும் மடிச்சு மடிச்சு வைக்கறா. இப்போ என்னால எதுவும் சொல்ல முடியாதுங்க."

"பரவாயில்ல."

"நீங்க கேட்டது தப்பில்ல."

"ம்."

கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். அவர் குரலில் பயத்தை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நாளைக்கு வேலைக்கு வருவீங்கல்ல?"

"வருவேங்க."

"நெஜமா?"

"வருவேன்."

பதினேழு வருடம் போனேன். மறுபடி நான் கேட்கவில்லை. 'முடியாது' என்று மட்டும் சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேனோ என்னவோ. 'இப்போ' என்று ஒரு சொல்லை முன்னால் வைத்துவிட்டார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு காலம் ஓட்டமுடியும் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் பெண் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். அம்மா அழுதார். பிறகு அண்ணன்களும் விட்டுவிட்டார்கள். பதினேழு வருடத்தில் எத்தனை வண்டி, எத்தனை முறை அந்தப் பாலம்! ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார், நான் ஒவ்வொரு மூட்டிலும் மெதுவாக ஏற்றி இறக்கினேன். கோவிந்தராஜும் மல்லிகாவும் சனிக்கிழமைகளில் கடையைத் தாண்டும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள்.

பிறகு கடை இருந்த சந்துக் கட்டடத்தை இடித்தார்கள். சுமதி அதற்குள் நர்ஸ் வேலைக்குப் போய், மணப்பாறையில் வாழ்க்கைப்பட்டு, இரண்டாவது பிள்ளையும் பெற்றிருந்தாள். தனலட்சுமி அங்கே மகள் வீட்டுக்குப் போனார், நான் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். ஜன்னல் வழியாக, "நேரம் கெடைக்கறப்ப வாங்க" என்றார். "வரேங்க" என்றேன்.

நான் போகவில்லை. மணப்பாறை ஒரு மணி நேரப் பயணம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு பஸ் நிலையம் வரை போயிருக்கிறேன். "மணப்பாறை, மணப்பாறை" என்று கண்டக்டர் கூவுவார். ஏறிப் போய் என்ன சொல்வது? மகள் வீடு, மருமகன் வீடு. கடை இருந்தவரை எனக்கு அங்கே நிற்க ஒரு வேலை இருந்தது. வேலை இல்லாமல் போய் நிற்கத் தெரியவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சர்வீஸ் சென்டரில் யாரையாவது பின்னால் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போவேன். பின்னால் இருப்பவர் போனில் பேசிக்கொண்டே வருவார். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லாருக்கு சார்" என்பார். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு மிகவும் வெறிச்சென்று இருக்கும்.

ஓய்வு பெற்று நான்கு மாதம் கழித்து, ஆவணியில் ஒரு நாள் போன் வந்தது.

"மாமா, நான் சுமதி பேசறேன். எங்க வீட்டுக்காரர் வண்டிக்கு ஆன்லைன்ல புது ஷாக் வாங்கி மாட்டினோம். அம்மா ஒரு தடவ உட்கார்ந்துட்டு, சரியில்ல, இனிமே உட்காரமாட்டேன்னுட்டாங்க. இங்க ரெண்டு மெக்கானிக் பாத்துட்டாங்க, ஒன்னும் இல்லங்கறாங்க. நீங்க வந்து பாக்கறீங்களா?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். வண்டி வீட்டு வாசலில் நின்றது. பின்னால் நடுவில் ஒற்றை ஷாக் உள்ள புது மாதிரி. தனலட்சுமி கதவருகில் வந்து, "வாங்க" என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். அதற்கு மேல் பார்க்க முடியாமல் நான் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். நீளம் சரி. புஷ் சரி. இறுக்கு சரி. சுமதியை உட்கார வைத்து இறக்கம் அளந்தேன். அதுவும் சரி. செயினைப் பார்த்தேன். தனியாக ஒரு சுற்றும் ஓட்டினேன். அந்த மெக்கானிக்குகள் சொன்னது உண்மைதான். அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் கதவருகில் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"வண்டில ஒன்னும் இல்லீங்க" என்றேன்.

"உட்கார்ந்து பாத்தாத்தானே தெரியும்" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் அது கோபம் இல்லை. உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

சுமதி சாவியை என் கையில் கொடுத்தாள். அம்மாவுக்குக் கேட்காதபடி சொன்னாள், "மாமா, எனக்கு முப்பத்தாறு வயசாச்சு. அம்மாதான் இன்னும் எனக்குப் பதிமூணுன்னு நெனச்சுட்டிருக்காங்க. நீங்க சாவகாசமா போயிட்டு வாங்க."

நான் வண்டியைக் கிளப்பினேன். அவர் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். அந்த எடை வந்து சீட்டில் அமர்ந்ததை என் முதுகு உணர்ந்தது. ஊரைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் புளியமரங்கள், நடுவில் வேகத்தடைகள், எல்லாவற்றிலும் வண்டி ஒழுங்காக ஏறி இறங்கியது. நாலைந்து கிலோமீட்டர் போனதும் ஒரு பிரிவுச் சாலை வந்தது. டெஸ்ட்டுக்கு அவ்வளவு தூரமே அதிகம். வேகத்தைக் குறைத்தேன்.

"திரும்பிடலாமா?"

"வீட்ல உங்களுக்கு வேல எதுவும் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப எதுக்குத் திரும்பறீங்க? நேராவே போங்க."

நேராகவே போனேன்.